கைத்துப்பாக்கியில் லேசர்: முதல்முறை பொருத்துகிறவர்களுக்கு

புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான் குண்டு போகும், இனிக் குறிபார்க்கத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் இந்த நம்பிக்கையோடுதான் லேசரை வாங்குகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. குழல் இந்தக் கணம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை லேசர் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். ட்ரிகரை இழுக்கும்போது கை ஆடினால், ஆடிய இடத்துக்கே குண்டு போகும். எதிரில் நிற்பது யார், சுடலாமா கூடாதா என்பதும் அந்தச் சிவப்புப் புள்ளிக்குத் தெரியாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் லேசர் நல்ல கருவி. இல்லையென்றால் காசைக் கொட்டி வாங்கிய அலங்காரம்.

வாங்குவதற்கு முன்

சட்டத்தை முதலில் பாருங்கள். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே லேசரும் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனியின் ஆயுதச் சட்டம் இலக்கின்மீது புள்ளி விழச் செய்யும் கருவிகளைத் துப்பாக்கிக்காக வைத்திருப்பதையே தடைசெய்கிறது. வேறு பல இடங்களில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. உங்கள் இடத்தில் விதி என்ன என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். உரிமம் தரும் அலுவலகத்திலோ, துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ கேளுங்கள். இன்னொன்று: "சும்மா பயமுறுத்தத்தான் புள்ளியை வைத்தேன்" என்ற வாதம் சட்டத்தின்முன் நிற்காது. துப்பாக்கியில் பொருத்திய லேசரை ஒருவர் மேல் காட்டுவது, அவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதுதான்.

அடுத்தது, துப்பாக்கியோடு வரும் முன்-பின் குறிகளை வைத்துச் சுடத் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த லேசருக்குப் பின்னால் மிஞ்சுவது அவைதான். ஏழு மீட்டரில் குறிகளை வைத்தே உள்ளங்கை அளவுக்குள் தொடர்ந்து சுட முடிகிற வரை லேசர் வாங்கும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சியாளருக்கும் செலவிடலாம் என்பது என் கட்சி.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகள் தெரிந்தவைதான்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, அழியக்கூடாத எதன்மீதும் குழலைக் காட்டாதே, குறி இலக்கில் சேரும்வரை விரல் ட்ரிகரில் வேண்டாம், இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். லேசர் வந்தபிறகு இரண்டாவது விதி கண்ணால் பார்க்கக்கூடியதாக மாறிவிடுகிறது. வெறுமையான துப்பாக்கியில் லேசரை எரியவிட்டு, நீங்கள் வழக்கமாக அதை எடுத்து வைக்கும் விதத்தில் ஒருமுறை எடுத்து வையுங்கள். புள்ளி உங்கள் முழங்கால், பக்கத்து அறைச் சுவர், கதவு என்று எங்கெல்லாம் போய் வருகிறது என்று பார்த்தால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

லேசரையும் ரெட் டாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரெட் டாட் என்பது ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) மேல் உட்காரும் சிறு கண்ணாடிச் சட்டம். புள்ளி அந்தக் கண்ணாடிக்குள் சுடுகிறவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும். லேசரோ ஒளியை இலக்கின்மீதே போடுகிறது. துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்க முடியாத நிலையிலும் குறி தெரியும் என்பதுதான் இதன் பலம்.

யாருக்கு உண்மையில் பயன்படும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, கை நீளத்தில் இருக்கும் முன்குறி மங்கலாகத் தெரியத் தொடங்கும். படிக்கும் கண்ணாடியோடு யாரும் தூங்குவதில்லை. ஆபத்து நேரத்தில் கண் தானாக அச்சுறுத்தும் ஆளின்மீதே நிலைக்கும். அதைப் பிடித்து இழுத்து முன்குறிக்குக் கொண்டுவருவது நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே கடினம். லேசரில் பார்வையும் புள்ளியும் ஒரே தூரத்தில் இருப்பதால் அந்தச் சிக்கல் குறைகிறது. கீழே விழுந்து கிடக்கும்போது, ஒரு கையால் கதவையோ குழந்தையையோ பிடித்திருக்கும்போது, ஒரு கையில் அடிபட்டிருக்கும்போது இதே கதைதான்.

இரண்டு அங்குலக் குழல் கொண்ட குட்டி ரிவால்வர்களுக்கு லேசர் மிகவும் பொருந்தும். அவற்றின் குறிகள் பேருக்குத்தான் இருக்கின்றன. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரமும் குறைவு, அதனால் சின்னக் கோணப் பிழையும் பெரிதாகிவிடும். பெரிய பிஸ்டலில் நல்ல குறிகள் இருந்து, கண்ணும் நன்றாக இருந்தால் லேசர் அவசியமில்லை என்றே சொல்வேன்.

சிவப்பா, பச்சையா

மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் உள்ள பச்சையை. சிவப்பு லேசர்கள் 635 முதல் 650 வரை இருக்கும், பச்சை 515 முதல் 532 வரை. ஒரே சக்தியில் 532 பச்சை, 635 சிவப்பைவிடச் சுமார் நான்கு மடங்கும் 650 சிவப்பைவிடச் சுமார் எட்டு மடங்கும் பிரகாசமாகத் தெரியும். சிவப்பு வாங்குவதானால் பெட்டியில் 635 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவே கணிசமான வித்தியாசம்.

பச்சைக்கு ஒரு குறை இருந்தது. பழைய வகைப் பச்சை லேசரில் 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 அலைநீள ஒளியை உண்டாக்கும்; இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 தரும். இந்தச் சங்கிலி குளிரில் சொதப்பும், பேட்டரியையும் குடிக்கும். இப்போது நேரடியாகப் பச்சை உமிழும் டயோடுகள் வந்துவிட்டதால் குறை பெருமளவு தீர்ந்தது. ஆனாலும் சிவப்புக்கு இன்னும் பேட்டரி நீடிக்கும், விலையும் குறைவு. வீட்டுக்குள் இரவில் பயன்படுத்தத்தான் என்றால் சிவப்பே போதும். வெயிலில் சிவப்புப் புள்ளி சில மீட்டரிலேயே கரைந்துபோகும். பச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், உச்சி வெயிலில் அதுவும் திணறும்.

சக்தி 5 மில்லிவாட்டுக்குள், லேசர் பாதுகாப்பு வகுப்பு 3ஆர் என்ற முத்திரையோடு இருக்கட்டும். முத்திரையே இல்லாத "சூப்பர் பவர்" சரக்கு மலிவாகக் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் போகப்போவது உங்கள் கண்தான்.

எந்த வகை

பொதுவாக நான்கு இடங்களில் லேசர் உட்காரும்.

குழலுக்குக் கீழே உள்ள ரெயிலில் (துணைக்கருவி மாட்டும் தண்டவாளம்) மாட்டுவது எளிது, கழற்றுவதும் எளிது. 1995-ல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி ரெயில்தான் அடிப்படை என்றாலும் கைத்துப்பாக்கி ரெயில்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. உங்கள் மாடலின் பெயர் லேசரின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். டார்ச்சும் லேசரும் சேர்ந்து வருபவை பெரும்பாலும் இந்த வகைதான், ஸ்ட்ரீம்லைட் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. இவற்றின் தொந்தரவு ஹோல்ஸ்டர்: பழைய உறையில் இனித் துப்பாக்கி நுழையாது.

கைப்பிடிப் பலகையையே மாற்றிப் போடும் கிரிப் லேசரை 1994-ல் தொடங்கிய கிரிம்சன் ட்ரேஸ் நிறுவனம் பிரபலப்படுத்தியது. நடுவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். துப்பாக்கியை இறுகப் பிடித்தாலே எரியும். பதற்றத்தில் ஒரு சுவிட்சைத் தேட வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் கடையிலேயே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். சுடாதபோது ஆட்காட்டி விரலைத் துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நீட்டி வைப்போம் அல்லவா, அந்த விரல் பல மாடல்களில் லேசரின் வாயை நேராக மறைத்துவிடும். விரல் ட்ரிகருக்கு இறங்கியபிறகுதான் புள்ளி தோன்றும். புள்ளியைப் பார்க்கவே விரலை ட்ரிகருக்குக் கொண்டுபோகும் பழக்கம் வந்துவிட்டால் அது விபத்துக்கு அழைப்பு. விரலைக் கொஞ்சம் மேலே, ஸ்லைடின் பக்கம் தூக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இடதுகைக்காரர்களுக்கு விரல் அமைப்பு மாறுவதால், லேசர் வலப்பக்கம் இருந்தால் தாங்கு கையின் பெருவிரல் மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

ட்ரிகர் காப்பு வளையத்தில் கவ்வும் வகை ரெயில் இல்லாத சின்னப் பிஸ்டல்களுக்கு. ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கின் உள்ளே இருக்கும் கம்பிக்குப் பதிலாகப் போடும் வகையை லேசர்மேக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. வெளியே எதுவும் நீட்டாது, பழைய ஹோல்ஸ்டரே போதும், ஆனால் பொதுவாகத் திருகித் திருத்தும் வசதி இல்லை.

பொருத்துதல்

மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடைப் பின்னிழுத்துச் சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். ரிவால்வரானால் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலியா என்று எண்ணுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, இன்னொருமுறை சேம்பரைப் பாருங்கள். இதில் சோம்பல் வேண்டாம், ஏனென்றால் திருத்தும் திருகுகள் பல லேசர்களில் முன்பக்கம் இருக்கின்றன. ஆலன் கீயைத் திருப்பும்போது உங்கள் விரல்கள் குழலின் வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ரெயில் திருகை இறுக்கியபின் கையால் ஆட்டிப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. சுடும் அதிர்ச்சியில் திருகு தளரும் என்பதால், கழற்ற முடிகிற வகை நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு விடுவது நல்லது. அதைத் திருத்தும் திருகில் விடக்கூடாது, பிடிக்கும் திருகில் மட்டும். லேசர் எரிகிற வாயை எக்காரணம் கொண்டும் நேராகப் பார்க்க வேண்டாம்.

புள்ளியைக் குண்டோடு சேர்ப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். லேசர் குழலுக்குள் இல்லை. அதற்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கிறது. இரண்டு கோடுகளும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். அந்தத் தூரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லேசர் குழலுக்கு 3 செ.மீ. கீழே இருக்கிறது, 15 மீட்டரில் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டரில் குண்டு புள்ளிக்கு 2.4 செ.மீ. மேலே படும். ஏழரை மீட்டரில் 1.5 செ.மீ. மேலே. 30 மீட்டரில் 3 செ.மீ. கீழே, அதோடு ஈர்ப்புவிசை இழுக்கும் சரிவும் சேரும். வீட்டுக்குள் நடக்கும் எதற்கும் இந்த வித்தியாசங்கள் பொருட்டல்ல. அதே லேசரை 5 மீட்டரில் சேர்த்தால்? 15 மீட்டரில் குண்டு புள்ளிக்கு 6 செ.மீ. கீழே போகும், 25 மீட்டரில் 12 செ.மீ. கிட்டத்தில் சேர்த்தால் தூரத்தில் பிழை வேகமாக வளரும். தூரத்தில் சேர்த்தால் கிட்டத்தில் பிழை அந்த 3 செ.மீ.யைத் தாண்டவே தாண்டாது. அதனால்தான் 15 மீட்டர் என் தேர்வு. பக்கவாட்டில் இருக்கும் கிரிப் லேசருக்கும் இதே கணக்கை இடம் வலமாகப் போட்டுப் பாருங்கள்.

முதல் சுற்றை வீட்டிலேயே, வெறுமையான துப்பாக்கியோடு செய்யலாம். குண்டைத் தாங்கக்கூடிய கல்சுவரில் ஒரு பொட்டு ஒட்டி, அறை இடம் தரும் அளவு தள்ளி நின்று முன்-பின் குறிகளை அதில் நிறுத்துங்கள். லேசர் புள்ளி முன்குறியின் தலையில் உட்காருவதுபோலத் திருகுங்கள். ஒரு திருகு மேல்-கீழ், ஒரு திருகு இடம்-வலம். மெதுவாக, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்; எல்லை வந்து நின்றால் பலம் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய மரை வழுக்கிவிடும்.

இது தோராயம்தான். உண்மையான சேர்ப்பு சுடுகளத்தில். வீட்டில் எந்தத் தோட்டாவை வைத்திருக்கப் போகிறீர்களோ அதையே எடுத்துப்போங்கள். எடையும் வேகமும் மாறினால் குண்டு படும் இடமும் மாறும். மணல்மூட்டையில் கையைத் தாங்கி, புள்ளியை நடுவில் வைத்து ஐந்து குண்டுகள். ஐந்தும் சேர்ந்து எங்கே கூட்டமாகப் பட்டிருக்கிறது என்று பாருங்கள், தனியாக விலகிய ஒன்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பிறகு புள்ளியைக் கூட்டத்தை நோக்கி நகர்த்துங்கள். குண்டுகள் இடக்கீழே பட்டிருந்தால் புள்ளியை இடக்கீழே கொண்டுபோக வேண்டும். பின்குறியைத் திருத்திப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இங்கே நீங்கள் குழலைத் திருத்தவில்லை, புள்ளியைத்தான் குண்டு படும் இடத்துக்கு அழைத்துப்போகிறீர்கள். மறுபடி ஐந்து. இரண்டு மூன்று சுற்றில் சேர்ந்துவிடும். திருகுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி காலியாக வேண்டும்.

சுடாமல் சுடும் பயிற்சி

லேசருக்குக் கொடுத்த காசு திரும்பக் கிடைப்பது இங்கேதான். தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகும் டிரை ஃபயரில், வழக்கமாக உங்கள் பிழை உங்களுக்கே தெரியாது. லேசர் அதைச் சுவரில் எழுதிக் காட்டும்.

சேம்பர் சோதனை, தோட்டா வேறு அறையில், குண்டைத் தாங்கும் கல்சுவர்: இவை எல்லாம் மறுபடியும். தோட்டாவின் அடிவிளிம்பில் தட்டி வெடிக்கவைக்கும் 0.22 ரிம்ஃபயர் வகையை வெறுமையாகத் தட்டக்கூடாது, பொம்மைத் தோட்டா போட்டுத்தான்.

சுவரில் பொட்டின்மேல் புள்ளியை வையுங்கள். அது நிற்காது. யாருடைய கையிலும் நிற்காது. துள்ளிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பதறி "சரியாக நடுவில் வரும்போது டக்கென்று இழுத்துவிடலாம்" என்று காத்திருப்பீர்கள். அந்த டக்கென்ற இழுப்புதான் குண்டை வெளியே அனுப்புவது. ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுக்குள் புள்ளி ஆடிக்கொண்டிருக்க, ட்ரிகரை ஒரே சீராக, நிறுத்தாமல் அழுத்துங்கள். சுத்தி விழும் "டிக்" சத்தத்தின்போது புள்ளி என்ன செய்தது என்று மட்டும் கவனியுங்கள். அப்படியே இருந்தால் நல்ல இழுப்பு. வலதுகைக்காரர்களுக்கு அது இடக்கீழே துள்ளினால், உதைப்பை எதிர்பார்த்துக் கை முழுதையும் சேர்த்து இறுக்குகிறீர்கள் என்று பொருள். இது மிகப் பரவலான நோய். தினம் பத்து நிமிடம் போதும், கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும்.

இன்னொரு கெட்ட பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும். துப்பாக்கியை இடுப்பளவில் நீட்டிவிட்டு, புள்ளி எங்கே எங்கே என்று சுவரெல்லாம் தேடுவது. லேசர் எரியாத நாளில் இப்படிப் பழகியவர் தேடிக்கொண்டே நிற்பார். லேசரை அணைத்த நிலையில் துப்பாக்கியைக் கண்மட்டத்துக்குத் தூக்குங்கள், முன்குறியை இலக்கில் வையுங்கள், அதன்பிறகு லேசரைப் போடுங்கள். புள்ளி ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். பல இழுப்புகள் குறியால் மட்டும், சில லேசரோடு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு கையால், இடக்கையால், தரையில் மல்லாந்து, கதவு நிலைக்குப் பின்னால் ஒதுங்கி என்று நிலைகளையும் மாற்றுங்கள்; லேசரை வாங்கிய காரணமே அவைதானே.

சுடுகளத்தில் பாதித் தோட்டாவை லேசர் இல்லாமல் சுடுங்கள். உதைப்பில் புள்ளி மேலே பறந்து மறையும். அது திரும்பி வரும்வரை காத்திருந்தால் அடுத்த குண்டு தாமதமாகும். முன்குறியும் கூடவே பார்வையில் இருந்தால் அந்தத் தாமதம் இல்லை. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பது நல்ல சோதனை.

இரவில், வீட்டுக்குள்

லேசர் இருட்டை விலக்காது. கறுப்பு உருவத்தின் நடுவில் அழகான பச்சைப் புள்ளி இருக்கலாம், அந்த உருவம் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாகவும் இருக்கலாம். டார்ச் இல்லாமல் லேசர் மட்டும் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டார்ச். அதுவும் துப்பாக்கியில் மாட்டாத கைடார்ச் ஒன்று தனியாக இருக்கட்டும். ஆளை அடையாளம் காண ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை நீட்ட வேண்டியிருக்காது. பலமான வெள்ளை வெளிச்சத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி வெளிறிவிடும், இதையும் முன்பே பார்த்து வையுங்கள்.

நிலைக்கண்ணாடி, சன்னல் கண்ணாடி, மெருகேற்றிய தரை ஆகியவற்றில் ஒளி தெறிக்கும். நீங்கள் நினைக்காத இடத்தில் இரண்டாவது புள்ளி தோன்றும். புகையோ தூசியோ இருந்தால் கோடு முழுவதும் தெரியும், உங்கள் கையிலிருந்து தொடங்கி. லேசரை எரியவிட்டபடி வீட்டைச் சுற்றி வராதீர்கள், சுட வேண்டிய நிலை வந்தால் மட்டும் போடுங்கள்.

புள்ளியைப் பார்த்ததும் எதிராளி ஓடிவிடுவான் என்ற பேச்சை நம்பித் திட்டமிட வேண்டாம். தன் மார்பில் விழுந்த புள்ளியை அவன் குனிந்து பார்ப்பான் என்று என்ன நிச்சயம்? போதையில் இருப்பவனுக்கு அது பொருட்டாகவே இருக்காது. வெளியேற வழி இருந்தால் வெளியேறுங்கள், கதவைப் பூட்டிக்கொண்டு போலீசைக் கூப்பிட முடிந்தால் கூப்பிடுங்கள். போலீஸ் உள்ளே வரும்போது உங்கள் கையில் புள்ளி எரியும் துப்பாக்கி இருக்கக் கூடாது.

பராமரிப்பு

குழல்வாய்ப் புகைக்கரி லென்சில் படியும், ரெயில் வகையில் சீக்கிரமே. புள்ளி சிதறி நட்சத்திரம்போலத் தெரிந்தால் அதுதான் காரணம். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு மெல்லத் துடையுங்கள். துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போது லென்சின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது எளிய வழி. டேப்பை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை, தீர்ந்தாலும் தீராவிட்டாலும் மாற்றுங்கள். பழையதை டிரை ஃபயருக்கு வைத்துக்கொள்ளலாம். சில மாடல்களில் பேட்டரி மாற்ற லேசரையே கழற்ற வேண்டும். அப்படியானால் திரும்ப மாட்டியபின் சேர்ப்பு அப்படியே இருக்கிறதா என்று சுட்டுப் பார்க்க வேண்டும். வாங்கும்போதே, கழற்றாமல் பேட்டரி மாற்றக்கூடிய மாடலா என்று கேட்டுவிட்டால் இந்த வேலை மிச்சம். மாதம் ஒருமுறை, காலியான துப்பாக்கியில் முன்குறியையும் புள்ளியையும் அதே சுவர்ப்பொட்டில் அதே தூரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகியிருந்தால் முதலில் ரெயில் திருகைத்தான் சந்தேகிக்க வேண்டும்.